தேன்நிலவுக்கு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள்: 12 நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் வைகாசியில் எனக்கு மதுரையில் திருமணம். நான் பிரிஸ்டலில் வேலை பார்க்கிறேன், அவர் கார்டிஃபில். பெரியவர்கள் பார்த்து முடிவு செய்த திருமணம். இதுவரை நேரில் ஐந்தாறு முறைதான் சந்தித்திருக்கிறோம். ஜூன் நடுவில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் 12 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது.

வீட்டில் எல்லோரும் மாலத்தீவு என்கிறார்கள். அவருக்கோ மழையும் காற்றும் உள்ள வடக்குத் தீவுகளுக்குக் காரிலேயே போக வேண்டும் என்று பல வருட ஆசை. கேட்டதிலிருந்து எனக்கும் அதே ஆசை பிடித்துக்கொண்டது. நான் போட்டிருக்கும் திட்டம்: ஸ்கை, ஹாரிஸ், லூயிஸ், அங்கிருந்து ஓர்க்னி, முடிந்தால் ஷெட்லாந்து. இது நடக்குமா? ஒற்றை வழிச் சாலைகள் என்கிறார்களே, எனக்கு இங்கே ஓட்டி ஒன்றரை வருடப் பழக்கம்தான். மழையில் நாள் முழுவதும் அறைக்குள்ளேயே முடங்க நேருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிவீட்டுப்பெண்:

தம்பி, முதலில் இருவருக்கும் வாழ்த்துகள். ஓர்க்னியையும் ஷெட்லாந்தையும் இன்றைக்கே அடித்துவிடுங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஆனால் போகும் பாதைகள் வேறு வேறு. ஷெட்லாந்துக்கு அபர்டீனில் கப்பல் ஏறி இரவு முழுவதும் போக வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஓர்க்னிக்கு ஸ்காட்லாந்தின் வட முனைவரை ஓட்டிப்போய்ப் படகு பிடிக்க வேண்டும். ஸ்கை அழகுதான், ஆனால் ஜூனில் அங்கே கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் கழிந்துவிடும். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது வெளி ஹெப்ரைட்ஸ் என்ற ஒரே ஒரு தீவுத்தொடர். தெற்கே வாட்டர்சேயிலிருந்து வடக்கே லூயிஸ் முனை வரை சைக்கிளில் போகிறவர்களுக்கென்றே ஒரு வழி வகுத்திருக்கிறார்கள்: 185 மைல், 10 தீவுகள், 6 தாம்போதிகள் (தீவுகளை இணைக்கும் கடல் நடுச் சாலைகள்), 2 படகுகள். காரிலும் அதே தடம்தான். 12 நாளுக்கு இது போதும், நிறையவே போதும்.

நாங்கள் 2017 ஜூனில் போனோம். திருமணமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. தெற்கிலிருந்து வடக்கே போனோம், உங்களுக்கும் அதையே சொல்வேன். ஓபன் துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பாரா தீவின் காசில்பே. அங்கே இரண்டு இரவு. பிறகு நாற்பது நிமிடப் படகில் எரிஸ்கே. அதற்கப்பால் தெற்கு யூயிஸ்ட், பென்பெக்யூலா, வடக்கு யூயிஸ்ட் மூன்றையும் தாம்போதிகள் கோத்து வைத்திருக்கின்றன, காரை விட்டு இறங்காமலே போய்விடலாம். அங்கே இரண்டு அல்லது மூன்று இரவு. பெர்னரேயிலிருந்து ஒரு மணி நேரப் படகில் ஹாரிஸ், அங்கே மூன்று. கடைசியாக லூயிஸில் இரண்டு. அங்குள்ள ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து உல்லாபூலுக்கு இரண்டே முக்கால் மணி நேரக் கப்பல், அதோடு பெருநிலம் வந்துவிடும். போகும்போது பிரிஸ்டலிலிருந்து ஓபனுக்கு ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். கிளாஸ்கோவில் ஓர் இரவு தங்குங்கள்.

முன்பதிவில் ஒன்று முக்கியம். முதலில் படகு, பிறகு அறை. கோடையில் கார் தளம் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அறையைப் பிடித்துவிட்டுப் படகு கிடைக்காமல் தவித்தவர்களை நேரில் பார்த்தேன். வாடகைக் கார் என்றால் தீவுக்குக் கொண்டுபோகலாமா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூன் அங்கே ஓரளவு மழை குறைந்த மாதம். என்றாலும் மழை வரும், ஒரே நாளில் ஏழெட்டு முறை வரும். நம் ஊர் அடைமழை மாதிரி நாள் முழுவதும் உட்கார்ந்துகொள்ளாது. ஹாரிஸில் லஸ்கென்டைர் என்ற கடற்கரை இருக்கிறது. சிப்பி நொறுங்கிய மணல், அரைத்த அரிசி மாவு நிறம். நேர் எதிரே டாரன்சே தீவு. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், முதலில் அந்தத் தீவின் உச்சி மங்கும். பிறகு தீவு முழுவதும் காணாமல் போகும். கடலின் பச்சை பாதி தூரம் வரை சாம்பலாகும், ஆனால் நம் காலடியில் இன்னும் வெயில் இருக்கும். கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். கதவைச் சாத்துவதற்கும் கூரையில் மழை விழுவதற்கும் சரியாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் டாரன்சே மறுபடி அதே இடத்தில், மேலே வானவில்லோடு. அன்று மட்டும் ஆறு முறை இப்படி நடந்தது. ஆறு முறையும் இருந்து பார்த்தோம்.

பெர்னரே துறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் நேரலாம். காற்று அதிகமாகிப் படகை ரத்து செய்துவிட்டார்கள். அந்த நீரிணை முழுவதும் பாறை, படகு வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அந்தக் காற்றில் விடாதது சரியான முடிவு. ஹாரிஸில் பணம் கட்டியிருந்த அறை ஓர் இரவுக்கு வீணாயிற்று. வடக்கு யூயிஸ்ட்டில் ஓர் அம்மாள் இரவு ஏழு மணிக்கு மேல் ஓர் அறை தருவதாகச் சொன்னார். அதுவரை நான்கு மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தோம்.

அதற்கு முன்பு நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. திருமண வீட்டில் யாராவது கூட இருந்துகொண்டே இருப்பார்கள், இல்லையா? காருக்குள் மூச்சுக் காற்றில் கண்ணாடி முழுவதும் வெண்மையாகிவிட்டது. அவர் விரலால் அதில் ஒரு கோடு போட்டார். “இது வாசல், இது திண்ணை” என்றார். திருவாரூர்ப் பக்கம் அவர்களுடைய தாத்தா வீடு. ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, பின்கட்டு, கிணறு என்று வரைந்துகொண்டே போனார். முற்றத்தில் தண்ணீர் வெளியே போகும் துவாரத்தைக்கூட ஒரு புள்ளியாக வைத்தார். தாத்தாவின் கட்டில் எந்தச் சுவரோரம், எந்தத் தூணில் மாவிலைக் காம்பால் தன் உயரத்தைக் குறித்து வைத்தார்கள் என்பதெல்லாம். 2009இல் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் இன்று கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடப்பேன். கண்ணாடியில் கிணற்றின் வட்டத்திலிருந்து ஒரு துளி இறங்கி அடுக்களை வழியாக ஓடியபோது அவர் வரைவதை நிறுத்திவிட்டார். பிறகு என் முறை. பக்கத்துக் கண்ணாடியில் ஆரணியில் எங்கள் தறி வீட்டை வரைந்தேன்.

ஆகவே ஒவ்வொரு படகுக்கும் முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். கடைசிக் கப்பலுக்கும் நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் நடுவே ஒரு முழு நாளாவது இருக்கட்டும்.

தறி என்றதும் இன்னொன்று. ஹாரிஸ் ட்வீட் துணியைப் பார்க்காமல் வராதீர்கள். இதற்கென்றே 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளி ஹெப்ரைட்ஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற கம்பளியை, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயர் வைக்கலாம். வேறெந்த இடத்தில் நெய்தாலும் அது ஹாரிஸ் ட்வீட் ஆகாது. லூயிஸின் மேற்குக் கரையில் கார்லவே பக்கம் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரக் கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பா அதிகாலையில் குழித்தறியில் இறங்கினால் அதைக் கேட்டுத்தான் கண் விழிப்பேன். இங்கே இரும்பு, அங்கே மரம், அவ்வளவுதான் வித்தியாசம். கதவு திறந்திருந்தது, “வரலாமா?” என்று கேட்டேன்.

அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர். தறிக்கு மின்சாரம் கிடையாது, இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தத் துணி வெறும் பழுப்பு. அவர் ஒரு நூலைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் ஊதா, காவி, பாசிப் பச்சை, ஒரு துளி மஞ்சள். கம்பளிக்கு முதலில் சாயம் ஏற்றி, பல நிறங்களைக் கலந்து, அதற்குப் பிறகுதான் நூற்கிறார்கள். வெளியே ஈரத்தில் கிடந்த சதுப்பு நிலத்தின் நிறமெல்லாம் அந்த ஒரு நூலில் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாவில் ஓர் இழை அறுந்தது. அவர் முடிச்சுப் போட்டார். நான் அதே முடிச்சை இன்னோர் இழையில் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, என் விரலைப் பார்த்து, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அப்பா என்றேன். அவருக்கும் அப்பாதானாம். அப்பாவுக்கு ஒரு சட்டைத் துணி அங்கேயே வாங்கினேன். ஆரணி வெயிலில் அவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது, ஆனால் பெட்டியில் பட்டோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறார்.

திருச்சி_மருத்துவன்:

சகோதரி அருமையாக எழுதியிருக்கிறார். நான் லூயிஸில் இரண்டு ஆண்டு பணியாற்றியவன். சாலை, ஞாயிற்றுக்கிழமை, உண்ணி, இவை மூன்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஒற்றை வழிச் சாலைக்கு ஒன்றரை வருடப் பழக்கம் தாராளம். ஐம்பது, நூறு மீட்டருக்கு ஓர் ஒதுங்கிடம் இருக்கும், பலகை வைத்திருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் சுற்றிக்கொண்டு போவார். வலப்பக்கம் கடந்து போகக் கூடாது. பின்னால் வண்டி ஒட்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அது வேலைக்குப் போகிற செவிலியராக இருக்கும். போட்டோ எடுக்க அந்த ஒதுங்கிடத்தில் காரை நிறுத்தாதீர்கள். கை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே கட்டாயம் மாதிரி. மழை விட்டதும் தார் சூட்டுக்கு ஆடுகள் நடுச் சாலையில் படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நின்றுவிடுங்கள், குட்டி குறுக்கே ஓடும்.

லூயிஸ், ஹாரிஸ் இரண்டும் ஓய்வுநாளை இன்னும் கடைப்பிடிக்கும் ஊர்கள். ஸ்டோர்னவேயிலிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான். அங்குள்ள பெரிய சூப்பர் மார்க்கெட் முதன்முதலாக ஞாயிறு கதவு திறந்தது 2024 நவம்பரில். பெட்ரோலும் சாப்பாடும் சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். தேவாலயத்தில் கேலிக் மொழியில் ஒருவர் விவிலியத்தின் சங்கீதப் பாடல் ஒன்றின் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் அலை அலையாக அதை வாங்கிப் பாடுவார்கள். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். தெற்கே பாராவும் தெற்கு யூயிஸ்ட்டும் கத்தோலிக்கத் தீவுகள், அங்கே இவ்வளவு இறுக்கம் இல்லை.

உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள். புல்லிலும் புதரிலும் நடந்துவிட்டு வந்தால் இரவில் ஒருவருக்கொருவர் முழங்காலின் பின்புறம், இடுப்பு, கழுத்து எல்லாம் பாருங்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் அங்கே உண்மையாகவே வருகிறது. உண்ணி எடுக்கும் சிறு கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், தோலோடு ஒட்டிப் பிடித்து நிதானமாக எடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய்விடுங்கள், சில வாரம் கழித்து வந்தாலும் சரி. மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப் பூச்சி காற்று வீசினால் பறக்காது, அங்கே பெரும்பாலும் காற்று வீசும்.

வேலணையான்:

தம்பி, நான் லண்டனில் இருக்கிறேன், பிறந்தது வேலணை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத்தான் எங்களுக்கு உலகமே வந்தது. இரு பக்கமும் பரவைக் கடல், நடுவில் ஒரு கோடு போலச் சாலை. நாற்பது ஆண்டுக்குப் பிறகு பென்பெக்யூலாவுக்கும் வடக்கு யூயிஸ்ட்டுக்கும் நடுவே அதே கோட்டைப் பார்த்தபோது வாகனத்தை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கடல் வற்றிய நேரம். ஈர மணலில் கொக்கு நின்றது, பாசியின் மணமும் அதேதான். நீர்நாய் கடக்கும் இடம், கவனம் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். காலையில் ஐந்து மணிக்குப் போனால் பார்க்கலாம், நாங்கள் பார்த்தோம்.

யூயிஸ்ட்டின் மேற்குக் கரையைத் தவறவிடாதீர்கள். சிப்பி மணல் காற்றில் உள்ளே வந்து படிந்து, அதன் மேல் புல் வளர்ந்த சமவெளி. மாஹர் என்கிறார்கள். ஜூன் கடைசியில் மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ, அதற்குள் பசுக்கள். நெய்தல் நிலத்தைப் படித்து வளர்ந்த எவருக்கும் அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். பூவின் மீது காரை ஏற்றாதீர்கள், நடந்தே போங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு தொலைபேசியில் இதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். திருவாரூர் வீட்டுப் பகுதி வந்ததும் மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னார். ஓர்க்னி, ஷெட்லாந்து, ஸ்கை மூன்றையும் எடுத்துவிட்டோம்.

அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. அவர் சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார். சமாளிக்க முடியுமா? மழைக்கு என்ன உடுப்பு?

தறிவீட்டுப்பெண்:

நானும் சைவம்தான், தம்பி. மீன் பிடிக்கும் தீவுகள், உணவகத்தில் சைவம் என்றால் பெரும்பாலும் சூப்பும் ரொட்டியும் சீஸும்தான். அதனால் சமையலறை உள்ள வீடாகவே எடுங்கள். சிறிய ரைஸ் குக்கர், பொன்னி அரிசி நான்கு கிலோ, துவரம்பருப்பு, புளி, அம்மா இடித்த ரசப்பொடி, ஒரு பாட்டில் மாவடு, இவ்வளவும் காரில் ஏற்றினோம். காசில்பேயிலும் பென்பெக்யூலாவிலும் நல்ல கூட்டுறவுக் கடைகள் இருக்கின்றன. காய், பால், தயிர் எல்லாம் கிடைக்கும். கப்பல் வராத நாளில் அலமாரி காலியாகிவிடும் என்பதால் கையில் இரண்டு நாள் சரக்கு எப்போதும் இருக்கட்டும். பிளாஸ்கில் மிளகு ரசம் ஊற்றி எடுத்துப் போங்கள். பெர்னரே துறையில் அந்த நான்கு மணி நேரமும் எங்களிடம் இருந்தது அதுதான். பக்கத்துக் காரில் இருந்த வயதான தம்பதிக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தோம். அந்த அம்மாள் என்ன இலை என்று கேட்டுக் கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

குடை வேண்டவே வேண்டாம், காற்று அதை முதல் நாளே உடைத்துவிடும். தண்ணீர் புகாத மேல்சட்டையும் அதேபோல் கால்சட்டையும் வாங்குங்கள். கால்சட்டையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, இரண்டு ஜோடி காலணி. ஜூனில் பகலே பதினைந்து டிகிரி அளவில்தான் இருக்கும். சூரியன் இறங்க இரவு பத்தரை ஆகும், அதற்குப் பிறகும் வடக்கே வெளிச்சம் போகாது. தூங்குவதற்குக் கண்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓர் இரவாவது தூங்காமல் லூயிஸில் இருக்கும் கலனிஷ் கற்களுக்குப் போங்கள். ஏறக்குறைய 5000 ஆண்டுக்கு முன் நட்ட கற்கள். இரவு பதினொரு மணிக்கு நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. கல்லில் கை வைத்தால் பகலின் வெதுவெதுப்பு இன்னும் இருந்தது.

பாராவில் விமானம் இறங்குவதைப் பார்க்க மறக்காதீர்கள். ஓடுபாதையே கடற்கரை மணல்தான், கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். விமானம் போன பிறகு சக்கரத் தடத்தில் தண்ணீர் ஊறும். அடுத்த ஏற்றத்தில் ஓடுபாதை முழுவதும் கடலாகிவிடும்.

வைகைக்கரை:

ஓபன் – காசில்பே கப்பலில் காருக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்று படகும் பதிவாகிவிட்டன, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டிருக்கிறோம். மாமியார் ரசப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறார்களாம். கண்ணாடியில் முதலில் யார் வீட்டை வரைவது என்று இப்போதே கேட்டுவிட்டார். அவருடையதை என்று சொல்லியிருக்கிறேன்.